அறை 114, திருத்திய பிரதி

ஆகஸ்ட் இருபத்தாறு.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டுமே திரும்புகிறது.
பதினொரு வருடமாக நான் வெட்டியும் ஒட்டியும் வரும்
ஒற்றைத் தாள் மேசைமேல் கிடக்கிறது:
ஏழாம் வகுப்பு, மொழிப்பாடம்,
எதிர்பார்ப்புகளும் விதிகளும்.
அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

படித்தால் சட்டம் போலத்தான் இருக்கிறது.
ஒவ்வொரு வரியும் ஒரு பிள்ளையை விழுங்கிவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது
எனக்கு மட்டும்தான் தெரியும்.

பென்சிலோடு வரவும்.
அது டார்வின் ஹோவ்லண்ட்.
தினம் ஒன்று கடன் வாங்குவான், திரும்பி வராது.
பிணையாக ஒரு காலணியைக் கழற்றி வை என்றேன்.
நவம்பரில் ஒருநாள் தீப்பயிற்சி மணி அடித்தது.
வடக்கு டகோட்டாவின் பனியில்
ஒற்றைக் காலில் நின்றான்.
தூக்கிய காலின் உறையில்
பெருவிரல் எட்டிப் பார்த்தது.
அன்றோடு பிணை போயிற்று.
வரி மட்டும் இருக்கிறது.

பிறர் எழுத்தைத் தனதென்று தரலாகாது.
அது ப்ரின் ஆசன்.
அக்காவின் கட்டுரையைக் கால்புள்ளி பிசகாமல் எடுத்துக் கொடுத்தாள்.
அக்காவுக்கும் நான்தான் டீச்சர் என்பது
எப்படியோ மறந்துவிட்டது.
ஒரே நாய் என் கையில் இரண்டு முறை செத்தது.
இரண்டாம் முறையும் எனக்குத் தொண்டை அடைத்ததை
அவளிடம் சொல்லவில்லை.
பூஜ்யம் போட்டேன்.

கைபேசி பைக்குள் இருக்க வேண்டும்.
இது யாருமில்லை, நான்.
அமைதி வாசிப்பு நேரத்தில்
என் மேசை இழுப்பறைதான் பாடியது.

நான்காவது வரிக்கு வந்தால்
விரல் நின்றுவிடுகிறது.
தாமதமான வேலைக்கு
நாளொன்றுக்குப் பத்து மதிப்பெண் குறையும்.

யூசேபியோ கான்டூ.
அக்டோபரில் இங்கே ஊரே பீட்கிழங்கு.
இரவெல்லாம் லாரிகள், சாலையெல்லாம் சேறு.
அம்மாவும் அப்பாவும் கிழங்குக் குவியலில்
பன்னிரண்டு மணி நேர வேலை.
மூன்று தம்பி தங்கைகளுக்கு
ராத்திரிச் சோறும் காலைக் குளியலும் அவன்.
திங்கட்கிழமைக் கட்டுரை வியாழக்கிழமை வந்தது,
ஓரத்தில் குழந்தைக் கஞ்சி காய்ந்து.
முப்பது கழித்தேன்.
வாதாடவில்லை. தலையாட்டினான்,
கடையில் விலை கேட்டவன் போல.

அடுத்த பாடம், இணங்க வைக்கும் கடிதம்.
யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன்.
ப்ரின் மேயருக்கு எழுதினாள், நாய்ப் பூங்கா வேண்டுமென்று.
அவன் இந்தத் தாளுக்கு எழுதினான்:
"அன்புள்ள நான்காம் விதிக்கு,
வெயில் ஏறினால் அறுவடையை நிறுத்திவிடுவார்கள்.
சூடான கிழங்கு குவியலில் அழுகிவிடுமாம்.
லாரிகள் நிற்கும். ஆட்கள் நிற்பார்கள்.
ஆறும் வரை யாரும் யாரையும் திட்டுவதில்லை.
கிழங்குக்கே காத்திருக்கிறார்கள்."

எழுத்துப்பிழை இரண்டு.
தொண்ணூற்று நான்கு என்று எழுதினேன்.
பிறகு தேதியைப் பார்த்தேன்.
இரண்டு நாள் தாமதம்.
சிவப்புப் பேனா தன் பாட்டுக்கு
எழுபத்து நான்கு என்றது.

திருப்பிக் கொடுக்கும் முன்பே
குடும்பம் டெக்சஸ் போய்விட்டது.
கடிதம் இன்னும் என்னிடம்.
அவன் கையெழுத்திட்டுத் தந்த விதித்தாளும்தான்:
கோட்டின்மேல் அம்மாவின் பெயர்,
அவனுடைய எழுத்தில்.
செப்டம்பரிலேயே தெரியும் எனக்கு.
அதற்கு விதி எழுதவில்லை.

இப்போது நான்காம் வரியை அழிக்கிறேன்.
திரும்பக் கொண்டுவருகிறேன்.
தலைமையாசிரியர் கோல்பெர்க் சொல்வார்:
விதியென்றால் எல்லாருக்கும் விதி, ஆர்டிஸ்.
தப்பென்று சொல்ல எனக்கும் வாய் வராது.
வருடம் முழுக்க லாரி ஓடாத வீட்டுப் பிள்ளைகளும்
கதை சொல்லத் தெரிந்தவர்கள்தான்.
ஒன்று கொடுத்தால் பத்து கேட்பார்கள்.

பத்து குறையும் என்பதை அப்படியே விட்டு
பக்கத்தில் இரண்டு சொல் தட்டினேன்:
அக்டோபர் நீங்கலாக.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது,
இன்னும் யோசிக்கவில்லை.
தொண்ணூற்றிரண்டு பிரதி வேண்டும்.
நாற்பதிலேயே இயந்திரம் நின்றுவிட்டது.
சூடாகிவிட்டதாம், காத்திருக்கச் சொல்கிறது.
தட்டவில்லை, உதைக்கவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.